லேவியராகமச் சட்டம்: அப்படியே கடைப்பிடிப்பதா, பொருளை மட்டும் எடுத்துக்கொள்வதா?

லேவியராகமம் பைபிளின் பழைய ஏற்பாட்டில் உள்ள சட்டநூல். பன்றிக்கறி சாப்பிடலாமா என்று கேட்கும் கிறிஸ்தவர்கள் உண்மையில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

ஆதாரம்
அப்படியே: லேவியராகமம் 11. சாப்பிடத் தகுந்த விலங்குக்கு விரிகுளம்பு (பிளந்த குளம்பு) இருந்து அது அசைபோடவும் வேண்டும். சிறகும் செதிளும் இல்லாத இறால், நண்டு ஆகாது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் என்ற கிறிஸ்தவ சபையார் இன்றும் பன்றியைத் தவிர்க்கிறார்கள்.
பொருள்: புதிய ஏற்பாட்டில் மாற்கு 7. வாய்க்குள் போவதல்ல, இருதயத்திலிருந்து வருவதே தீட்டு.

முழுமை
அப்படியே: இங்கேதான் சிக்கல். உணவு வரை சரி, அப்புறம்? ஆண் குழந்தை பெற்றவள் 40 நாளும் பெண் குழந்தை பெற்றவள் 80 நாளும் கழித்து ஆசாரியனிடம் பலி கொண்டுபோக வேண்டும், ஆனால் எருசலேம் ஆலயமே கி.பி. 70இல் இடிந்துபோனதால் யூதர்களாலேயே இன்று அதைச் செய்ய முடியாது.
பொருள்: அந்தச் சிக்கல் இல்லை. சோம்பலுக்குச் சாக்காகிவிடும், அவ்வளவுதான்.

எளிமை
அப்படியே: கறிக்கடையில் கவனமாக இருந்தால் போதும்.
பொருள்: நாக்கையும் கோபத்தையும் அடக்க வேண்டும். எனக்கு இதுதான் கஷ்டம்.

தினமும் ஒரு நினைவூட்டல் தேவைப்படுபவர் உணவு விதியைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், அடுத்தவர் தட்டை மட்டும் எட்டிப் பார்க்க வேண்டாம். மற்றவர்களுக்கு இரண்டாவதே பொருந்தும். இதே சட்டத்தில் உள்ள மாதவிலக்குத் தீட்டைச் சொல்லிப் பெண்களை ஒதுக்க நினைப்பவர் மாற்கு 5ஐப் படிக்கட்டும்: 12 வருடம் உதிரப்போக்கோடு இருந்தவள் தொட்டபோது இயேசு அவளை 'மகளே' என்றுதான் அழைத்தார்.