சூஃபூவா, ஹனோயா: எந்தக் கன்பூசியஸ் கோயில்?

பழங்காலச் சீனத் தத்துவஞானி கன்பூசியஸின் சொந்த ஊர் சீனாவின் சூஃபூ. அங்குள்ள கோயில் ஒன்பது முற்றங்களாக நீள்கிறது. பிரதான மண்டபத்தின் முன்வரிசையில் 10 கல்தூண்கள். எல்லாவற்றிலும் டிராகன்கள் சுற்றிப் படர்ந்திருக்கும். அப்புறம் முதிர்ந்த சைப்ரஸ் மரங்கள், குடும்ப மாளிகை, வம்சத்தாரின் 1,00,000-க்கும் மேற்பட்ட கல்லறைகள் கொண்ட காடு. முழுநாள் ஒதுக்க வேண்டும்.

வியட்நாம் தலைநகர் ஹனோயில் உள்ள கன்பூசியஸ் கோயிலான வான் மியூ சிறியது. 1070-ல் நிறுவப்பட்டது, ஐந்தே முற்றங்கள், இரண்டு மணி நேரம் போதும். ஆனால் என் மனம் நிற்பது இங்கேதான். 1805-ல் எழுப்பிய வட்டச் சாளர மாடத்தின் அடியில் நுழைந்தால் சதுரக் குளம். அதன் இருபுறமும் கல் ஆமைகள் முதுகில் சுமக்கும் 82 கல்வெட்டுகள். 1442 முதல் 1779 வரை அரசுத் தேர்வுகளில் தேறியவர்களின் பெயரும் ஊரும் அவற்றில் இருக்கின்றன. அரசர்களை அல்ல, படித்தவர்களைக் கல்லில் நிறுத்திய இடம்! தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் ஆமைத் தலையைத் தடவித் தடவிக் கல் தேய்ந்ததால், இப்போது தடுப்பு வைத்திருக்கிறார்கள்.

பிரம்மாண்டமும் மரநிழலில் நீண்ட நடையும் வேண்டுமென்றால் சூஃபூ. முதல் தடவை போகிறவர்களுக்கு நான் ஹனோயைத்தான் சொல்வேன். காலையில் கதவு திறந்ததும் போய்விடுங்கள். குளத்தங்கரை அமைதியாக இருக்கும்.