தத்துக் குழந்தை என்று வாட்ஸ்அப்பில் படம் வந்தால்: தில்லியில் நாங்கள் ஏமாந்த கதை

அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் உங்கள் தம்பியோ மகளோ இந்தியாவிலிருந்து குழந்தை தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறார்களா? இங்கே அவர்களுக்காக நீங்கள் அங்கே இங்கே விசாரித்துக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் இதைப் படித்துவிடுங்கள். யாராவது உங்கள் வாட்ஸ்அப்புக்கு ஒரு குழந்தையின் படத்தை அனுப்பி, “மேட்ச் ஆகிவிட்டது” என்று சொன்னால் அந்த ஆள் பொய் சொல்கிறார். நூற்றுக்கு நூறு. எங்களுக்கு இது விளங்க நான்கு மாதமும் மூன்றரை லட்சம் ரூபாயும் ஆயிற்று.

தம்பியும் அவன் மனைவியும் ஒஹையோவில், கொலம்பஸில் இருக்கிறார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். வைத்தியமெல்லாம் பார்த்து ஓய்ந்துபோய், தத்தெடுப்பதென்று முடிவு செய்தார்கள். அவர்கள் எல்லாவற்றையும் முறையாகத்தான் செய்தார்கள், அதைச் சொல்லிவிட வேண்டும். நாடு விட்டு நாடு தத்தெடுப்பது பற்றிய 1993ஆம் வருஷத்து ஹேக் உடன்படிக்கையில் இந்தியாவும் அமெரிக்காவும் இருக்கின்றன. அதனால் இரண்டு அரசாங்கங்களும் கையெழுத்துப் போடாமல் குழந்தை விமானம் ஏற முடியாது. அங்கே அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி ஒன்று வீட்டுக்கு வந்து பார்த்து ஹோம் ஸ்டடி எழுதியது. தத்தெடுக்கத் தகுதியானவர்கள் என்று ஒப்புதல் கேட்டு அமெரிக்கக் குடியேற்றத் துறையில் ஐ-800ஏ மனு போட்டார்கள். அப்புறம் அந்த ஏஜென்சி மூலமாகவே நம் காராவின், அதாவது மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின், கேரிங்ஸ் இணையதளத்தில் பதிவு. அதோடு சரி. ஒரு வருஷம் போயிற்று, இரண்டாவது வருஷமும் போயிற்று. கைக்குழந்தை கேட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம், சட்டப்படி தத்துக் கொடுக்கத் தயாராக இருக்கும் குழந்தைகள் கொஞ்சம். தம்பி தினமும் காலையில் எழுந்ததும் வரிசையில் தன் இடத்தைத்தான் பார்ப்பான். அம்மா என்னோடு தில்லியில் இருக்கிறாள், வயது 74. அவள் பார்ப்பது நாள்காட்டியை.

2024 ஆடிக் கிருத்திகை அன்று ஆர்.கே. புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போதுதான் அந்த ஆள் பழக்கமானார். நல்ல திருநெல்வேலித் தமிழ். நான் தில்லிக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது, இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது தமிழில் பேசினால் கழுத்து தானாகத் திரும்பும். அது ஒரு வியாதி. அந்த வியாதியை வைத்துப் பிழைப்பவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை. அம்மா வழக்கம்போலத் தம்பி கதையை எடுத்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்க கவலையே படாதீங்கம்மா, என் வேலையே இதுதான்” என்றார். வெளிநாட்டுத் தத்துக்கு ஃபைல் நகர்த்திக் கொடுப்பவராம். ஏழெட்டுக் குடும்பத்துக்கு முடித்துக் கொடுத்திருக்கிறாராம்.

காராவின் அலுவலகமும் அதே ஆர்.கே. புரத்தில்தான், வெஸ்ட் பிளாக்கில் இருக்கிறது. கோயிலிலிருந்து ஆட்டோவில் ஏறினால் சில நிமிஷம். அந்த நான்கு மாதத்தில் ஒரு தடவைகூட நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஏன் என்று கணவர் இன்றும் கேட்கிறார்.

முதலில் ஃபைல் சார்ஜ் 25,000. மூன்று வாரம் கழித்து, ஆகஸ்டில் ஒரு மதியம், படம் வந்தது. பதினோரு மாதப் பெண் குழந்தை. பச்சை ஸ்வெட்டர், அதில் ஒரு பொத்தான் மட்டும் வெள்ளை. கன்னத்தில் பெரிய மைப்பொட்டு. பின்னால் நீல டிஸ்டெம்பர் அடித்த சுவர். வலது கையில் பாதி கடித்த பிஸ்கட், படம் எடுப்பவரைப் பார்த்து அதை நீட்டிக்கொண்டிருக்கிறாள். “இன்னைக்குக் காலைல எடுத்ததுக்கா. உங்க தம்பிக்கு மேட்ச் ஆயிடுச்சு” என்று குரல் செய்தி. அதுவரை மேடம், அன்றிலிருந்து அக்கா. கூடவே ஒரு மருத்துவ அறிக்கை: எடை 8.1 கிலோ, தலைச் சுற்றளவு 45 செ.மீ.

ஆகஸ்ட் மாதம் தில்லி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்விசிறிக்குக் கீழேயே வியர்த்து ஊற்றுகிறது, குழந்தை ஸ்வெட்டரில் உட்கார்ந்திருக்கிறது. நான், கணவர், அம்மா, அங்கே தம்பி, அவன் மனைவி என்று ஐந்து பேர் பார்த்தோம். ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு வேறெதுவும் கண்ணில் படவில்லை. தம்பி மனைவி அன்று ராத்திரியே பெயர் வைத்துவிட்டாள். அம்மா கரோல் பாகுக்குப் போய் வெள்ளிக் கொலுசு வாங்கி வந்தாள்.

அப்புறம் பணம் கேட்பது சுலபமாகிவிட்டது. குழந்தைக்குச் சோதனை, தனி ஆயா, பால் பவுடர் என்று ஒன்றரை லட்சம். என்ஓசி என்ற தடையில்லாச் சான்றுக்கு இன்னொரு ஒன்றே முக்கால் லட்சம். எல்லாம் யுபிஐயில், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு தனியாள் பெயருக்கு. ரசீது கேட்டால், “ஆபீஸ் வேலைக்கா, ரசீதெல்லாம் கடைசியில மொத்தமாத் தருவாங்க.” தம்பியின் ஏஜென்சிக்குச் சொல்லட்டுமா என்று கேட்டால், “சொன்னா அவங்க தனியாக் கட்டணம் போடுவாங்க, ஃபைலும் தேங்கிடும்.” இந்த ஒரு வாக்கியத்திலேயே நாங்கள் விழித்திருக்க வேண்டும்.

அக்டோபரில் இன்னொரு யோசனை சொன்னார். என் பெயரிலும் கணவர் பெயரிலும் தத்துப் பத்திரம் பதிவு செய்து குழந்தையை வாங்கிக்கொள்வது, பிறகு தம்பி பெயருக்கு மாற்றிக்கொள்வது. ஏதோ வீட்டு மனை மாதிரி. என் கணவர் அதற்கு மட்டும் ஒப்பவில்லை, நல்லவேளை. பின்னால் படித்துப் பார்த்தால், அந்த ஆள் சொன்ன 1956ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, ஏற்கெனவே மகள் இருப்பவர்கள் இன்னொரு பெண் குழந்தையைத் தத்தெடுக்கவே முடியாது. எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள், அவளைக் கோயிலில் அவரும் பார்த்திருக்கிறார். அது மட்டுமில்லை, தத்தெடுத்தவர்கள் அந்தக் குழந்தையை மறுபடி இன்னொருவருக்குத் தத்துக் கொடுக்கவும் அந்தச் சட்டத்தில் வழியில்லை.

நவம்பர் கடைசியில் இரண்டாவது மருத்துவ அறிக்கையும் ஒரு கோர்ட் ஆர்டரும் வந்தன. இன்னும் ஒன்றரை லட்சம் கட்டினால் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்றார். அம்மா அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுச் சேச்சியிடம் காட்டப் போனாள். சேச்சி குழந்தைகள் வார்டில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எடை 8.1 இலிருந்து 8.6 ஆகியிருந்தது, சரி. தலைச் சுற்றளவு 45 இலிருந்து 43.5.

“எடை கூடும், குறையும். தலை குறையுமோ?” என்றார் சேச்சி.

அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இரண்டு அறிக்கைகளும் இரண்டு வேறு குழந்தைகளுடையவை, அல்லது எந்தக் குழந்தையுடையதும் இல்லை.

அன்றிரவு தம்பி முதல் தடவையாகத் தன் ஏஜென்சியின் சமூகப் பணியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னான். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். பிறகு கேட்டது ஒரே கேள்வி: எங்களுக்கு ரெஃபரல், அதாவது இந்தக் குழந்தை உங்களுக்கு என்ற விவரம், வராமல் உங்களுக்கு எப்படி வரும்? வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் குழந்தையின் விவரம் கேரிங்ஸ் வழியாக அவர்களுடைய ஏஜென்சிக்குத்தான் வரும். படம், குழந்தை ஆய்வறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை மூன்றும் சேர்ந்து வரும். குறிப்பிட்ட கெடுவுக்குள் அந்தக் குழந்தையை ரிசர்வ் செய்ய வேண்டும். இந்தியாவிலேயே இருப்பவர்களுக்கு இந்தக் கெடு 48 மணி நேரம், விவரம் அவர்களுடைய லாகினிலேயே வரும். நடுவில் ஆள் வைத்துக் காட்டும் ஏற்பாடு எங்குமே கிடையாது. ஏற்றுக்கொண்ட பிறகும் அமெரிக்கர்களுக்கு அந்தக் குழந்தைக்கான ஐ-800 மனு, ஹேக் உடன்படிக்கைப்படி தூதரகம் தரும் ஐந்தாம் பிரிவுக் கடிதம், காராவின் என்ஓசி எல்லாம் வந்த பிறகுதான் தத்து ஆணை.

அந்த ஆணையும் கோர்ட்டிலிருந்து வருவதில்லை. 2021இல் சிறார் நீதிச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணை பிறப்பிப்பவர் மாவட்ட மாஜிஸ்திரேட். எங்களுக்கு வந்ததோ வட்ட முத்திரை குத்திய, அசோகச் சின்னம் கொஞ்சம் சாய்ந்திருந்த, 2024 தேதியிட்ட கோர்ட் ஆர்டர். பாவம், பழைய மாதிரியை வைத்தே இன்னும் அச்சடித்துக்கொண்டிருக்கிறார்.

கட்டணமும் ஒளிவுமறைவான விஷயமில்லை. தத்தெடுப்பு ஒழுங்குமுறை விதிகளின் அட்டவணையிலேயே அச்சில் இருக்கிறது, உள்நாட்டுப் பெற்றோருக்கு ஹோம் ஸ்டடிக்கு 6,000 ரூபாய் என்று. பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போகும், ரசீது வரும். ஆயாவுக்கென்றும் பால் பவுடருக்கென்றும் தனியாள் கணக்குக்கு அனுப்பும் வழக்கமே இல்லை.

மறுநாள் அந்த ஆளுக்குப் போன் செய்து தலைச் சுற்றளவைப் பற்றிக் கேட்டேன். “டைப்பிங் மிஸ்டேக்கா” என்றார் உடனே. சரி, குழந்தையை வீடியோவில் காட்டுங்கள் என்றேன். குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது, யாரும் பார்க்கக் கூடாது என்றார். பிறகு குரல் மாறியது. பணம் கொடுத்துக் குழந்தை வாங்கப் பார்த்தது நீங்கள், போலீஸுக்குப் போனால் முதலில் உள்ளே போவதும் நீங்கள்தான் என்றார். அன்று மாலை அந்த எண் அணைந்துவிட்டது.

மிரட்டலில் பாதி உண்மை இருந்ததுதான் கொடுமை. சிறார் நீதிச் சட்டத்தின் 81ஆம் பிரிவு குழந்தையை விற்பவரை மட்டுமல்ல, வாங்குபவரையும் பிடிக்கும்: ஐந்து வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். நாங்கள் கட்டியது ஃபைல் வேலைக்கு என்று நினைத்துத்தான், கைக்குக் குழந்தையும் வரவில்லை. ஆனாலும் நான்கு நாள் பயத்தில் வாயைத் திறக்கவில்லை. அந்த நான்கு நாளைத்தான் அவர் எதிர்பார்த்திருப்பார். இணைய மோசடிப் புகாருக்கான 1930க்கு அழைத்தபோது, கடைசியாகப் பணம் அனுப்பி ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கணக்குகளில் ஒன்றுமில்லை. பணம் போன சில மணி நேரத்துக்குள் அழைத்தால்தான் முடக்குவதற்கு வாய்ப்பு உண்டு, இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புகார் பதிவாகியிருக்கிறது. விசாரித்த சப் இன்ஸ்பெக்டர் எங்களைக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை, முட்டாளாகத்தான் பார்த்தார்.

அந்த ஆளின் எண் மாறியிருக்கும், பெயரும் மாறியிருக்கும். கோயில், தமிழ்ச் சங்க நிகழ்ச்சி, கல்யாண மண்டபம் என்று தமிழர் கூடும் இடங்களில்தான் பழகுவார். கையில் நீல நிற ஃபைல். குழந்தையின் பெயரைக் கேட்டால், “பேரு நீங்க வைக்கப் போறது” என்று சிரிப்பார்.

தம்பியின் பதிவு அப்படியே இருக்கிறது, வரிசை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. அவன் மனைவி படத்தைப் போனிலிருந்து அழித்துவிட்டாள், வைத்த பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை. கொலுசைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைக்குப் போனோம். செய்கூலி போக மீதி தருவதாகச் சொன்னார்கள். அம்மா வேண்டாம் என்று மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் கேட்டாள்: “ஆள் பொய், காகிதம் பொய், சரி. பிஸ்கட்டை நீட்டினதே, அது யார் குழந்தைடி?” வீட்டுக்கு வந்ததும் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்தேன். படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள், பச்சை ஸ்வெட்டர், நீலச் சுவர் என்று நான் சொன்னதையும் எழுதிக்கொண்டார்கள். இதுவரை திரும்ப அழைக்கவில்லை.