நர்ஸ் அனஸ்தீசியா டாக்டரேட்: மூன்று வருடப் படிப்பு, ஒரு வருட வேலைக்குப் பிறகு

2022 மே மாதம் டெக்சாஸில் நர்ஸ் அனஸ்தீசியா டாக்டரேட்டில் சேர்ந்தேன். 2025 மே மாதம் முடித்தேன். இப்போது அந்த வேலையில் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகப்போகிறது. "நானும் சேரலாமா அக்கா?" என்று ஐசியு தங்கைகள் அடிக்கடி போன் செய்கிறார்கள். அவர்களிடம் சொல்வதை இங்கே முழுசாக எழுதிவைக்கிறேன்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் மயக்க மருந்து கொடுப்பது டாக்டர்களின் வேலை. அமெரிக்காவில் அதற்கென்றே தனியாகப் படித்த நர்ஸும் கொடுக்கலாம். இது நேற்று வந்த ஏற்பாடு இல்லை. மயோ கிளினிக்கின் அறுவை மருத்துவர்களான மயோ சகோதரர்களோடு வேலை செய்த ஆலிஸ் மகாவ் என்ற நர்ஸ், 14,000-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளுக்கு மயக்கம் கொடுத்த அனுபவத்தை 1906-லேயே கட்டுரையாக எழுதியிருக்கிறார். இந்த நர்ஸ்களுக்கு சி.ஆர்.என்.ஏ. (சான்று பெற்ற மயக்க மருந்து நர்ஸ்) என்ற பெயர் 1956-ல் வந்தது. முன்பெல்லாம் மாஸ்டர்ஸ் படித்தாலே போதும். 2022 ஜனவரியிலிருந்து புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் டாக்டரேட் கட்டாயம்.

சேர நர்சிங் பட்டம், ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமம், குறைந்தது ஒரு வருட தீவிர சிகிச்சை அனுபவம் வேண்டும். நான் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் பெறுவதற்கான என்கிளெக்ஸ் தேர்வு எழுதி வந்தவள். ஐந்து வருட ஐசியு அனுபவத்தோடு விண்ணப்பித்தேன். ஊரிலிருந்து மதிப்பெண் சான்றிதழ்களை வாங்கி, மதிப்பீடு செய்து முடிக்கவே ஐந்து மாதம் ஓடிவிட்டது. இந்தியாவில் படித்தவர்கள் அந்த வேலையை முதலில் தொடங்கிவிடுங்கள்.

பணம்தான் பெரிய சுமை. படிக்கும் காலத்தில் வேலைக்குப் போக நேரமே கிடைக்காது. நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு மூன்று வருடம் கடனில் வாழ வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கடன் ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டியது. நான் வாங்கிய கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குகிறவர்களுக்குக் கிடையாது. ஆகவே இப்போது யோசிக்கிறவர்கள் என் கணக்கைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். கணவர் வேலையில் இருந்ததாலும், மகளைப் பார்த்துக்கொள்ள அம்மா ஆறு மாதம் வந்து இருந்ததாலும்தான் என்னால் முடிந்தது.

பாடம் கடினம்தான், ஆனால் உட்கார்ந்து படித்தால் வரும். எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறு. ஐசியுவில் புது நர்ஸ்கள் என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். ஆபரேஷன் தியேட்டரில் முதல் நாள், நோயாளியின் முகத்தில் மாஸ்க்கைச் சரியாகப் பிடிக்கவே எனக்கு வரவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க் மேல் இருக்க வேண்டும். மற்ற மூன்று விரலும் தாடை எலும்பைத் தூக்க வேண்டும். நான் எலும்பை விட்டுவிட்டுக் கீழே இருந்த சதையை அழுத்திக்கொண்டிருந்தேன், காற்று உள்ளே போகவில்லை. ஆக்சிஜன் அளவு இறங்க இறங்க மானிட்டரின் 'பீப்' ஒலியும் சுருதி இறங்கும். திரும்பிப் பார்க்காமலேயே அது காதில் விழுந்தது. சொல்லிக்கொடுத்த சீனியர் என் விரல்களை எடுத்து எலும்பின் மேல் வைத்து, "இங்கே பிடி, தூக்கு" என்றார். மார்பு உயர்ந்தது, சுருதியும் மெல்ல ஏறியது. அன்று முழுக்க இடது கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

அப்புறம், சக்சினைல்கோலின் என்ற தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து. ஊசி போட்ட சில நொடிகளில் கண்ணிமையில் ஒரு துடிப்பு தொடங்கி, தோள், வயிறு என்று உடம்பெல்லாம் பரவி, கால் விரல் வரை ஓடி நின்றுவிடும். அதன் பிறகு அந்த மனிதர் தானாக மூச்சு விட மாட்டார். ஐசியுவில் எத்தனையோ உயிர்காக்கும் மருந்துகள் கொடுத்திருக்கிறேன். எல்லாமே யாரோ எழுதிக் கொடுத்ததுதான். இங்கே ஒருவருடைய மூச்சை நானே நிறுத்தி, நானே திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தப் படிப்பு எனக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான்.

விதிப்படி குறைந்தது 600 கேஸ், 2,000 மணி நேரப் பயிற்சி முடிக்க வேண்டும். நான் 900-ஐத் தாண்டினேன். வகுப்பும் பயிற்சியும் சேர்த்து வாரத்துக்குச் சராசரியாக 64 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு உண்டு. ஆனால் மறுநாள் கேஸ்களுக்காக ராத்திரி உட்கார்ந்து எழுதும் திட்டம் அந்தக் கணக்கில் வராது. பயிற்சிக்குப் போன ஓர் இடத்தில், நோயாளி விழித்திருக்கும்போதே என்னை மட்டம் தட்டிப் பேசுவார்கள். என் ஆங்கில உச்சரிப்பையும் விடவில்லை. இரண்டு மாதம் பொறுத்துவிட்டுப் பிறகு எழுத்தில் புகார் கொடுத்தேன். முதல் வாரமே கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

டாக்டரேட் ப்ராஜெக்ட்டாக, அறுவைக்கு முன்பே நோயாளியைச் சூடான காற்றுப் போர்வையால் கதகதப்பாக வைப்பதை எடுத்தேன். மயக்கத்தில் உடம்பு சூட்டை இழக்கும். குளிர்ந்துபோனால் ரத்தம் உறைவது குறையும், காயத்தில் தொற்று வரும் வாய்ப்பு கூடும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஆனாலும் யாரும் செய்வதில்லை. ஏன் என்று தேடிப் போனால், போர்வை ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடந்தது. அதைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்க அனுமதி வாங்க நான்கு மாதம் ஆனது. அதில் கற்றுக்கொண்டது உண்மைதான். ஆனால் அதற்காக மாஸ்டர்ஸைவிடக் கூடுதலாக ஆன காலமும் கடனும் தகுமா என்றால், எனக்கு இன்னும் சம்மதமில்லை. அந்த மாதங்களை இன்னும் சில பிரசவ, குழந்தைகள் கேஸ்களுக்குத் தந்திருந்தால் என் கைக்கு அதிகம் உதவியிருக்கும்.

கடைசித் தேசியத் தேர்வு மூன்று மணி நேரம். பதில்களைப் பொறுத்துக் கேள்விகள் 100-லிருந்து 170 வரை வரும். எனக்கு 100-லேயே திரை நின்றது. காரில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

இப்போது எங்கள் குழுவில் மயக்கவியல் டாக்டர்களும் இருக்கிறார்கள். சிக்கல் என்றால் கூப்பிடுவேன். சம்பளம் நன்றாக இருக்கிறது, கடன் மாதாமாதம் குறைகிறது. திரும்பவும் இதைத்தான் படிப்பேன். நீங்கள் சேருமுன் ஒரு சி.ஆர்.என்.ஏ.வோடு ஒரு நாள் முழுக்க நின்று பாருங்கள். அறுவை தொடங்கும் நேரத்துக்குப் போகாதீர்கள்; காலை ஐந்தரைக்கே போய், மெஷின் சரிபார்ப்பதிலிருந்து, சக்‌ஷன் இழுக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பதிலிருந்து, ஒவ்வொரு சிரிஞ்சிலும் லேபிள் ஒட்டுவதிலிருந்து பாருங்கள்.