பி.எம். சூர்ய கர் தளம்: மானியம் டெல்லியில், மீட்டர் மின்வாரியத்தில்

வீட்டுக் கூரையில் சோலார் போட்டு மானியம் வாங்க 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய தளம் இது. பதிவு செய்வது சுலபம். மாநிலம், மின் பகிர்மான நிறுவனம், மின் இணைப்பு எண் கொடுத்தால் விண்ணப்பம் நகர்ந்துவிடும். ஆனால் வேலையில் பாதி இந்தத் தளத்தின் அதிகாரத்திலேயே இல்லை. அது தெரியாமல் இறங்குகிறவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள்.

மின்சாரம், ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் 38-வது இனம். 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி, மாநிலம் தாண்டி ஓடும் மின்சாரம் மத்திய ஒழுங்குமுறை ஆணையத்தின் பொறுப்பு. வீட்டுக் கட்டணமும் நெட் மீட்டர் (வீட்டுக்குள் வரும் மின்சாரத்தையும் கூரையிலிருந்து வெளியே போகும் மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர்) விதிகளும் மாநில ஆணையத்தின் பொறுப்பு. மானியம் ஒன்றிய அரசின் பணம். மீட்டர் மாட்டுவது உள்ளூர் மின்வாரிய அலுவலகம்.

ஒன்றிய அரசின் பங்கு தெளிவாக இருக்கிறது. முதல் 2 கிலோவாட் வரை ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் ரூ.30,000, மூன்றாவதற்கு ரூ.18,000, அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் மொத்தம் ரூ.78,000-தான். பேனல், அதன் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் இரண்டில் எதன் திறன் குறைவோ அதுதான் கணக்கு. 3 கிலோவாட் பேனலுக்கு 2.5 கிலோவாட் இன்வெர்ட்டர் மாட்டினால் மானியமும் குறையும். பேனல் டி.சி.ஆர். வகையாக, அதாவது பேனலோடு அதிலுள்ள சோலார் செல்களும் இந்தியாவிலேயே செய்ததாக இருக்க வேண்டும். விலை கொஞ்சம் கூடுதல்தான். மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறு பேனல் போட்டால் மானியம் கிடையாது. வேலை கொடுக்கும் முன்பே விலைப்பட்டியலில் இதை எழுதி வாங்குங்கள்.

10 கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலே விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்று 2024 நுகர்வோர் உரிமை விதித் திருத்தம் சொல்கிறது. நல்ல மாற்றம். இருந்தாலும் இழுபறி வருவது பெயரில்தான். மின் இணைப்பு இன்னும் அப்பா பெயரில், விண்ணப்பமும் வங்கிக் கணக்கும் மகன் பெயரில் என்றால் கோப்பு நின்றுவிடும். பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

பேனல் ஏறிய பிறகு நெட் மீட்டர், ஆய்வு, இயக்கத் தொடக்க அறிக்கை என எல்லாமே மின்வாரியத்தின் கையில். அந்த அறிக்கை தளத்தில் ஏறிய பிறகுதான் வங்கி விவரம் கொடுத்து மானியம் கேட்க முடியும். எர்த்திங், இடிதாங்கி இரண்டையும் ஆய்வுக்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் வரும் ‘300 யூனிட் இலவசம்’ என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது மாநில அரசு மானியம் கொடுத்துக் கழிக்கும் இலவச யூனிட் போன்றது அல்ல. உங்கள் கூரை தயாரிப்பது. வெயில் நன்றாக உள்ள இடத்தில் கிலோவாட்டுக்கு நாளுக்குச் சுமார் 4 யூனிட் என்றால், 3 கிலோவாட் மாதம் 360 யூனிட் வரை தரும். அது எவ்வளவு பணமாகிறது என்பதை மாநில ஆணையத்தின் கட்டண ஆணைதான் முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் கட்டணம் படிநிலைப்படி ஏறுவதால், சோலார் முதலில் கழிப்பது விலை அதிகமான மேல்படி யூனிட்டை. ஏசி ஓடும் வீட்டுக்குப் போட்ட பணம் சீக்கிரம் திரும்பும். இலவச யூனிட்டைச் சற்றே தாண்டும் வீட்டுக்கு 3 கிலோவாட் தேவையே இல்லை. தளத்திலுள்ள கணிப்பானை மட்டும் நம்பாமல் கடைசி ஆறு பில்களை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று: பேட்டரி இல்லாத இன்வெர்ட்டர் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்கான பாதுகாப்பு அது. விற்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மானியம் வரவில்லை என்றால் தளத்தில் புகார் கொடுங்கள். மீட்டர் தாமதம், பில் தவறு என்றால் அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம். மின்வாரியத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குப் போங்கள். அங்கும் தீரவில்லை என்றால் மாநில ஆணையம் நியமித்த மின்குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.