காரைக்குடியில் எடுத்த துணி

திருச்சியில் விமானம் இறங்கி, புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி வந்து, புதுவயலுக்குப் பஸ் ஏறியபோது என் பெட்டி பாதிக்கு மேல் காலியாக இருந்தது. வேண்டுமென்றே அப்படிக் கொண்டுவந்தேன். சிங்கப்பூருக்குப் போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. அன்றாடம் உடுத்தும் சட்டை, கைலி, வேட்டி, பனியன் எல்லாவற்றையும் இனி ஊரில்தான் எடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். அங்கே மனதுக்குப் பிடித்த பருத்திச் சட்டை நாற்பது வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) குறைந்து எனக்குக் கிடைத்ததில்லை. கால்சட்டையின் நீளத்தைக் குறைக்க மட்டும் பத்து வெள்ளி கொடுத்திருக்கிறேன்.

ஊரில் எடுத்தால் மலிவு என்று சொல்லிவிடலாம். ஆனால் மலிவு வேறு, கொடுத்த காசுக்கு உழைப்பது வேறு. இரண்டு வருடத்துக்கு முன் வந்தபோது, பெரிய நகரம் ஒன்றில் நாலு மாடிக் கடையில் மூன்று சட்டை 999 ரூபாய் என்று வாங்கிப் போனேன். இரண்டாவது சலவையிலேயே மூன்றின் கழுத்துப்பட்டையிலும் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. உள்ளே வைத்து ஒட்டிய கேன்வாஸ் துணியை விட்டுப் பிரிந்துவிட்டால் அப்படித்தான் ஆகும். எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் அது படியாது. மூன்றும் தரை துடைக்கப் போயின. இந்தத் தடவை துணியாக எடுத்துத் தைத்துக்கொள்வது என்று வந்ததற்கு அதுதான் காரணம்.

பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு காரைக்குடிக் கடைவீதியான கல்லுக்கட்டிப் பக்கம் போனேன். வாசலில் வெள்ளைத் துண்டுகளைத் தொங்கவிட்டிருந்த ஒரு சின்னக் கடை. உள்ளே பெரியவர் ஒருவரும் அவருடைய மகனும்தான். சட்டைத் துணி வேண்டும், முழுப் பருத்தியாக வேண்டும் என்றேன். நாலு தானை (துணிச் சுருளை) எடுத்துப் போட்டார்கள். நாலுமே தொட்டால் ஒன்றுபோலத்தான் இருந்தன. எது முழுப் பருத்தி என்று கேட்டேன்.

பெரியவர் வாயால் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு தானின் ஓரத்திலிருந்தும் ஓர் இழையை உருவினார். தீப்பெட்டியை எடுத்து ஒவ்வொன்றாகக் கொளுத்தினார். முதல் இரண்டும் காகிதம்போல் எரிந்து சாம்பலாகி, விரலில் தேய்த்ததும் மாவாக உதிர்ந்தன. மூன்றாவது சுருண்டு உருகியது. நுனியில் கடுகளவுக்குக் கறுப்பாக ஓர் உருண்டை நின்றது. அதை என் உள்ளங்கையில் வைத்து, “நசுக்கிப் பாருங்கள் தம்பி” என்றார். கல்போல் இருந்தது. பாலியஸ்டர் கலந்த துணி. நாலாவதும் அப்படியே. “இதற்குச் சுருக்கம் விழாது, இஸ்திரிச் செலவு குறையும், ஆபீஸுக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் வெயிலுக்கு ஆகாது. உங்களுக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். கலப்புத் துணியின் விலைதான் கூடுதல். அதைத் தள்ளிவிட்டிருந்தால் அவருக்கு நல்ல லாபம், எனக்கும் தெரிந்திருக்காது. அந்தக் கறுப்பு உருண்டையை வெகு நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

அந்தக் கடையிலேயே நாலு சட்டைக்கு எடுத்தேன். மீட்டர் 240 ரூபாய், 36 அங்குல அகலம். அரைக்கைச் சட்டைக்கு எனக்கு இரண்டே கால் மீட்டர் ஆயிற்று. ஆக, ஒரு சட்டைத் துணி 540 ரூபாய். 58 அங்குல அகலத் துணி என்றால் இன்னும் குறைவாகவே போதும். அதனால் மீட்டர் விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், அகலத்தையும் கேளுங்கள்.

தையற்காரர் அம்மன் சன்னதித் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு மிஷின் போட்டிருக்கிறார். என் அப்பாவுக்குத் தைத்தவரின் மகன். துணியைக் கொடுத்ததும் வாங்கிக்கொள்ளவில்லை. “நனைத்துக் காயவைத்து நாளைக்குக் கொண்டுவாருங்கள் அண்ணே. நனைக்காமல் வெட்டினால் முதல் சலவையில் சுருங்கிக் கைப்பக்கம் பிடிக்கும்” என்றார். வேறு ஆளாக இருந்தால் அப்போதே வெட்டி, அன்றைக்கே கூலியை வாங்கியிருப்பார். மறுநாள் புதுவயலிலிருந்து மறுபடி பஸ் ஏறிப் போனேன். அளவு எடுத்தபோது ஒரு தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்துக் குறித்துக்கொண்டார். வருடக்கணக்கில் எந்த ஆயத்தச் சட்டையும் வலது பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது ஏன் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

தையல்கூலி சட்டைக்கு 400 ரூபாய். காஜாவும் பொத்தானும் அதில் அடக்கம். ஐந்தாம் நாள் சொன்னபடி கொடுத்துவிட்டார். ஒரு சட்டையை உள்புறம் திருப்பிக் காட்டினார்: விலாத் தையலுக்கு உள்ளே இரண்டு பக்கமும் முக்கால் அங்குலம் துணி விட்டிருந்தார். உடம்பு கொஞ்சம் பெருத்தால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். கடைச் சட்டையில் இந்த மிச்சம் இருக்காது. கணக்குப் போட்டால் ஒரு சட்டை 940 ரூபாய். மூன்று சட்டை 999 என்ற பலகைக்கு முன்னால் இது விலை அதிகம்தான். ஆனால் இந்த நாலும் ஐந்து வருடத்துக்காவது வரும் என்று நம்பிக்கையாகச் சொல்வேன்.

வேட்டி விஷயத்தில்தான் மனம் நொந்தது. கடையின் பெயர் வேண்டாம். எட்டு முழம் என்று உறையில் அச்சடித்திருந்த வேட்டியை வாங்கி வந்தேன். வீட்டில் அம்மா பிரித்து முழம் போட்டுப் பார்த்தார்கள். ஏழரை முழம்கூட நிறையவில்லை. ஒரு முழம் 18 அங்குலம் என்றால் எட்டு முழம் 144 அங்குலம், ஏறக்குறைய 3.66 மீட்டர். நாடாவில் பிடித்தால் 3.40தான் வந்தது. எட்டு முழத்தை மடித்துக் கட்டினால் ஒரு சாணுக்கு மேலான அந்தக் குறைவு இடுப்பில் தெரிந்துவிடும், கொசுவம் நிற்காது. திரும்பக் கொண்டுபோனால் “எல்லாம் இப்படித்தான் வருகிறது” என்றார்கள். விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது என்று சுவரில் எழுதியும் இருந்தது.

அப்படி எழுதி வைத்தால் சட்டம் ஆகிவிடாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் கொடுக்க மறுப்பதும் அதே கணக்குத்தான். இதை நிதானமாகச் சொல்லி, 1915 என்ற உதவி எண்ணுக்குப் பேசப்போகிறேன் என்றதும் வேறு வேட்டி கொடுத்தார்கள். அங்கேயே விரித்து அளந்து வாங்கினேன். பில் கேட்டு வாங்கி வைத்திருந்ததால்தான் அவ்வளவு பேச முடிந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம், பில்லை விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் உடுப்பு 2,500 ரூபாய் வரை 5 சதவீதம்தான் ஜிஎஸ்டி; அதற்கு மேல் போனால் 18. முன்பு ஆயிரத்தைத் தாண்டினாலே 12 சதவீதம் இருந்தது. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்ச் சட்டைக்கு இன்னும் பழைய வரியைச் சொல்கிறவர் இருந்தால் கேளுங்கள்.

கைலி இரண்டு எடுத்தேன். மூட்டித் தர ஆளுக்கு ஆள் ஒரு கூலி சொன்னார்கள். அம்மாவே உட்கார்ந்து மூட்டிவிட்டார்கள். பனியன் திருப்பூர்ச் சரக்கு, எங்கே வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

காரைக்குடியில் நெய்ததையே ஒன்று உடுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. இந்த ஊரின் பெயரோடு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது கண்டாங்கிச் சேலை, அது பெண்களுக்கு. அம்மாவுக்கு அரக்கில் கட்டம் போட்ட ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். எனக்கு ஒரு கதர்த் துண்டு போதும் என்று பட்டது. 1927இல் காந்தி செட்டிநாட்டுக்கு வந்து கதருக்காக ஊர் ஊராகப் பேசினார். எங்கள் ஐயா (தாத்தா) கடைசிவரை கதரைத் தவிர வேறு உடுத்தவில்லை. அவருடைய துண்டு ஒன்று இன்னும் புதுவயல் வீட்டுப் பெட்டியில், நடுவில் தேய்ந்து வலைபோல் ஆகி, மடிப்புக் குலையாமல் இருக்கிறது. புதுத் துண்டை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஓரம் நெய்திருந்த விதம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது.

கிளம்பும் நாளன்று தையற்காரரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அளவு நோட்டைத் திறந்து, என் பெயருக்குக் கீழே தேதி போட்டு வைத்திருப்பதைக் காட்டினார். அடுத்த முறை தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வருவதாக இருந்தால் ஒரு மாதம் முன்னதாகத் துணி வந்து சேர்ந்துவிட வேண்டும், அந்த நேரத்தில் அவசரமாக எதையும் தைத்துத் தர மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.