அனுபவசாலியா, புதியவரா? வகுப்பு உதவியாளர் வேலைக்கு நான் சிபாரிசு செய்தது யாரை

வட சென்னை தண்டையார்பேட்டையில் இருக்கும் சின்னப் பள்ளி எங்களுடையது. ஒன்றாம் வகுப்புக்கு ஓர் உதவியாளர் தேவைப்பட்டார். வந்த விண்ணப்பங்களைக் கழித்துக் கழித்துக் கடைசியில் இரண்டு பேர் நின்றார்கள். கூடவே இருந்து வேலை வாங்கப் போகிறவள் நான் என்பதால், யாரை எடுக்கலாம் என்று என்னையே எழுதித் தரச் சொன்னார் எச்.எம். பள்ளிக்கூட வேலையே பார்த்திராத பெண்ணைத்தான் சிபாரிசு செய்தேன். அனுபவம் உள்ளவரை விட்டுவிட்டு ஏன் இப்படி என்று ஸ்டாஃப் ரூமிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

முதலாமவர் பொன்னேரிக்காரர். டி.டி.எட். என்ற ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்தவர், நர்சரி பள்ளியில் சில வருடம் வேலை பார்த்தவர். இன்னொருவர் காசிமேட்டுப் பெண். தபால் வழியில் பி.காம். படித்திருக்கிறார், கணவர் விசைப்படகில் போகிறவர், மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

படிப்பு, பாட்டு, சார்ட் போடுவது, நோட்டு பார்ப்பது, முப்பது பிள்ளைகளை வரிசையாகக் குழாயடிக்குக் கூட்டிப் போய் வருவது, எல்லாவற்றிலும் பொன்னேரிக்காரர்தான் மேல். அதில் பேச்சே இல்லை. சம்பளம் யார் வந்தாலும் ஒன்றுதான், பத்தாயிரத்தைத் தாண்டாது.

இருவரையும் தனித்தனியாக வகுப்பில் உட்கார வைத்துப் பார்த்தோம். சாப்பாட்டு நேரத்தை மட்டும் சொல்கிறேன். ஒன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு டிபன் பாக்ஸ் திறக்க வராது. பொன்னேரிக்காரர் மளமளவென்று எல்லா மூடியையும் திறந்து வைத்துவிட்டார், மணி அடிப்பதற்குள் எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். காசிமேட்டுப் பெண் என்ன செய்தார் என்றால், ஒரு பையனின் எவர்சில்வர் டப்பாவில் கொக்கியை மட்டும் லேசாகத் தளர்த்தி அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அவன் முக்கி முனகித் திறந்தான். சாம்பார் சாதம் கொஞ்சம் மேஜையில் சிந்தியது. அதற்குள் நாலைந்து பேர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு காத்து நின்றார்கள், ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். வேகம் போதாது, அது உண்மை. ஆனால் வேகத்தை நான் சொல்லிக்கொடுத்துவிடலாம். பிள்ளை தானே செய்யட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற பொறுமையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

இன்னொன்றும் தெரியவந்தது. கோவிட்டுக்கு அப்புறம் 2021-இல் அரசு ஆரம்பித்த இல்லம் தேடிக் கல்வியில் இவர் கொஞ்ச காலம் தன்னார்வலராக இருந்திருக்கிறார். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, சாயங்காலத்தில் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்க வைத்திருக்கிறார். பயோடேட்டாவில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. "ஏம்மா எழுதல?" என்றேன். "அதையெல்லாம் வேலைன்னு எழுதலாமா டீச்சர்?" என்றார். புதியவர்களை நேர்காணல் செய்கிறவர்கள் இதைத் தோண்டிக் கேட்க வேண்டும். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

ஆனாலும் இதெல்லாம் வைத்து நான் முடிவெடுக்கவில்லை. டிசம்பரிலும் இந்த ஆள் வகுப்பில் இருப்பாரா என்ற ஒரே கேள்விதான் தீர்மானித்தது.

2010-இல் வந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழும அறிவிக்கைப்படி, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆசிரியராக வர டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும். உதவியாளர் வேலைக்கு அது தேவையில்லை. அதனால் டி.டி.எட். முடித்து டெட்டுக்குப் படித்துக்கொண்டிருப்பவர்கள், நடுவில் கைக்கு வருகிற வேலையாக இதை எடுத்துக்கொள்கிறார்கள். தப்பே இல்லை, அவர்கள் படித்த படிப்புக்கு இந்தச் சம்பளம் அநியாயம். தேர்ச்சி பெற்றதும், அல்லது வேறு பள்ளியில் வகுப்பு ஆசிரியையாகக் கூப்பிட்டதும் போய்விடுவார்கள், போகவும் வேண்டும். பொன்னேரிக்காரரே இதை ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

ஆனால் அதன் விலையைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். இந்த வேலையில் முன்பிருந்த உதவியாளர் பூஜை விடுமுறையோடு நின்றுவிட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்த ஒரு பையன், அப்புறம் புத்தகத்தையே திறக்கவில்லை. நான் உட்கார்ந்தாலும் தள்ளி வைத்துவிடுவான். பொங்கல் தாண்டித்தான் மறுபடி வாய் திறந்தான். ஆறு வயதுப் பிள்ளைக்கு வாசிப்பு வருவதே ஒரு ஆளை நம்பித்தான். ஆள் போனால் வாசிப்பும் கூடவே போய்விடுகிறது.

தூரத்தையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் கொருக்குப்பேட்டை, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வடகிழக்குப் பருவமழை நாளில் ரயில் தாமதமானால் காலை முதல் பிரியட் போச்சு. காசிமேட்டுப் பெண் நடந்தே வந்துவிடுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பள்ளி திறக்கிற நேரத்தில் பல வீடுகளில் கையில் காசு இருக்காது, நோட்டுக்கு அட்டை போட்டுவரச் சொன்னால்கூட முடியாது. அந்தப் பிள்ளையை எப்படிப் பார்க்க வேண்டும் என்று இவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. கொருக்குப்பேட்டைப் பக்கமிருந்து வரும் தெலுங்குப் பிள்ளைகளிடம் அவர்கள் பேச்சிலேயே நாலு வார்த்தை பேசுகிறார், அதுவும் பெரிய உதவி.

பக்கத்தில் இருப்பதில் ஆபத்தும் உண்டு. வகுப்பில் நடப்பது லாரித் தண்ணீருக்கு நிற்கிற இடத்தில் பேச்சாகிவிடக் கூடாது. யார் படுக்கையில் ஒன்றுக்குப் போகிறான், யார் வீட்டில் சண்டை என்பதெல்லாம் பிள்ளைகள் நம்மிடம் கொட்டுவார்கள். முதல் நாளே இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் கூடாது என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு என்பதையும் சொன்னேன், வீட்டுப் பழக்கத்தில் கை நீண்டுவிடக் கூடாதே என்று.

ஒரு விஷயத்தில் என் அனுபவம் போதாது. ஆட்டிசம் போன்ற தனித்தேவை உள்ள பிள்ளைக்குத் துணையாக ஆள் எடுப்பதென்றால் இந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள். அங்கே பயிற்சி பெற்றவரைத் தேடுவதுதான் சரி என்று நினைக்கிறேன். மேல் வகுப்புகளுக்கும் நான் பார்த்ததில்லை.

சிபாரிசுக் கடிதத்தில் முதல் வரியிலேயே "பள்ளி அனுபவம் இல்லை" என்று எழுதினேன். அப்புறம் டிபன் பாக்ஸ் சமாச்சாரத்தை, சிந்தியது, காத்து நின்றது உட்பட, அப்படியே எழுதினேன். "நல்ல பெண், பொறுப்பானவர்" என்று பொதுவாக எழுதுவதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. என் வார்த்தையை நம்பி போலீஸ் சரிபார்ப்பை விட்டுவிட வேண்டாம் என்றும், மூன்று மாதம் பார்த்துவிட்டு உறுதி செய்யுங்கள் என்றும் சேர்த்தேன்.

காலாண்டுத் தேர்வு தாண்டிவிட்டது, இருக்கிறார். வேகமும் கொஞ்சம் வந்திருக்கிறது. முழு வருடம் ஓடாமல் நான் பெரிதாகப் பேச முடியாது. ஒன்று மட்டும் இப்போதே எச்.எம்.மிடம் கேட்டிருக்கிறேன்: உதவியாளருக்கு மே மாதச் சம்பளம். படகு போகாத அந்த மாதத்தில் பள்ளிச் சம்பளமும் இல்லையென்றால், ஏப்ரலிலேயே அவர் வேறு வேலை தேடிப் போக வேண்டிவரும். நிர்வாகத்திடம் பேசுகிறேன் என்றிருக்கிறார். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.