பிரேக் விரலுக்கு எட்ட வேண்டும்: தெனெரீஃபேயில் ஒரு வாடகை சைக்கிள் கடை

என் உயரம் 154 செ.மீ. கையும் அதற்கேற்பச் சிறியது. வெளியூரில் வாடகைக்குச் சாலை சைக்கிள் எடுக்கும்போதெல்லாம் ஏற்றத்தைவிட இறக்கத்தை நினைத்துத்தான் எனக்குக் கவலை வரும். ஏற்றத்தில் மூச்சு முட்டினால் காலை ஊன்றி நின்றுகொள்ளலாம். இறக்கத்தில் பிரேக் பிடி விரலுக்குச் சரியாக எட்டாவிட்டால் நிற்பதே பெரும்பாடு.

தெனெரீஃபேயில் இது சின்ன விஷயம் இல்லை. ஸ்பெயினின் கேனரி தீவுகளில் பெரியது அது. கடலுக்குள்ளிருந்து எழுந்த எரிமலைத் தீவு. நடுவில் நிற்கும் தெய்தே 3,715 மீட்டர். சாலை சிகரம் வரை போகாது என்றாலும், கடற்கரையிலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் வரை வழவழப்பான தார்ச்சாலை ஏறுகிறது. ஐரோப்பாவின் பெரிய பந்தய அணிகள் பயிற்சிக்கு இங்கே வந்து மலைமேல் இருக்கும் அரசு விடுதியான பராடோரில் வாரக்கணக்கில் தங்குவது அதற்காகத்தான். காலையில் அவ்வளவு உயரம் ஏறியவர் மாலைக்குள் அவ்வளவையும் இறங்கியாக வேண்டும்.

போன வருடம் இதே தீவில் வேறொரு கடையில் எடுத்தேன். என் உயரத்துக்கேற்ற 48 அளவுச் சட்டகம் (ஃபிரேம்) கேட்டுப் பதிவு செய்திருந்தேன்; கையில் கொடுத்தது 52. சீட்டைக் கீழே இறக்கிவிட்டு, "இது போதும்" என்றார்கள். போதவில்லை. விரல் நுனியால் பிரேக்கை இழுத்து இழுத்து, விலாஃப்ளோர் என்ற மலையூரிலிருந்து கடற்கரைக்கு வருவதற்குள் முன்கை மரத்துப்போய்ப் பதினோரு இடத்தில் நின்றேன். அன்று இரவு தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது.

இந்த நவம்பரில் லோஸ் கிறிஸ்தியானோஸில் வேறொரு கடைக்குப் போனேன். லா கொமேரா தீவுக்குக் கப்பல் புறப்படும் துறைமுகத்திலிருந்து இரண்டு தெரு உள்ளே, ஒரு சலவைக் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெளியே பெரிய பலகை எதுவும் இல்லை. பதிவுப் படிவத்திலேயே உயரம், கால் நீளம், எந்த வகை பெடல் என்பதோடு "எந்தப் பாதையில் ஓட்டப் போகிறீர்கள்?" என்றும் கேட்டிருந்தார்கள். நான் தெய்தே என்று எழுதியிருந்தேன்.

போய்ச் சேர்ந்ததும் மெக்கானிக் செய்த முதல் வேலை, என் கையைக் காட்டச் சொன்னது. அறுபது வயது மதிக்கத்தக்கவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். விரலை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஹேண்டில்பாரின் ரப்பர் உறையைச் சற்று விலக்கினார். உள்ளே இருந்த சிறு திருகில் ஆலன் கீயை நுழைத்துக் கால் திருப்பு திருப்பினார். "பிடியுங்கள்." பிடித்தேன். இன்னும் கால் திருப்பு. ஆள்காட்டி விரலின் முதல் மூட்டு பிடியைச் சுற்றி வளையும் வரை விடவில்லை. பிடியை உள்ளே கொண்டுவந்தால் அது நகரும் தூரம் குறைந்துவிடும். அதனால் முழு பலத்தோடு அழுத்தச் சொல்லி, பிடி ஹேண்டில்பாரில் முட்டுகிறதா என்று குனிந்து பார்த்தார். இடது பக்கம் முட்டியது. "அரை மணி நேரம் கொடுங்கள்" என்று சொல்லி, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் அந்த பிரேக்கின் எண்ணெயில் இருந்த காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் வண்டியைத் தந்தார். அதற்குத் தனிக் காசு கேட்கவில்லை. பதினைந்து வருடமாக சைக்கிள் ஓட்டுகிறேன். என் விரலை அளந்த கடை இது ஒன்றுதான்.

கியரும் மலைக்கு ஏற்றபடி இருந்தது. முன்னே சின்னப் பற்சக்கரத்தில் 34 பல், பின்னே பெரியதில் 34 பல். மிதியை ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரமும் ஒரு சுற்று, அதாவது இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். நிமிடத்துக்கு எழுபது சுற்று மிதித்தால் மணிக்கு ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர். கேட்க மெதுவாகத் தோன்றும். நாலரை மணி நேரம் தொடர்ந்து ஏறுகிறவருக்கு முழங்காலைக் காப்பாற்றித் தருவது அந்த ஒன்பது கிலோமீட்டர்தான். பின்னால் 28 பல் மட்டுமே இருக்கும், அதனால் ஏற்றத்தில் மிதிக்கக் கனமான வண்டியைக் கொடுக்கும் கடைகளும் உண்டு. என்னைப்போல ஐம்பதை நெருங்குகிறவர்கள் பதிவு செய்யும்போதே இதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலை ஏழரைக்குப் புறப்பட்டேன். அரோனா, லா எஸ்கலோனா, விலாஃப்ளோர். கீழே கள்ளியும் கற்சுவரும். மேலே போகப் போக, வெளிறிய எரிமலைப் பொடிக்கல்லைப் பரப்பிய படிக்கட்டு வயல்கள். இரவின் ஈரத்தை அந்தப் பொடிக்கல் மண்ணுக்குள் பிடித்து வைக்கிறது. மழை குறைந்த தெற்குச் சரிவில் உருளைக்கிழங்கும் திராட்சையும் விளைவது அப்படித்தான். விலாஃப்ளோர் 1,400 மீட்டரில் இருக்கிறது. அங்கே சுருங்கச் சுருங்க உப்புநீரில் வேகவைத்த சிறு உருளைக்கிழங்கும், மிளகாயும் பூண்டும் அரைத்த சிவப்பு மோஹோவும் சாப்பிட்டேன். நம் வீட்டுப் பூண்டுச் சட்னிக்கு ஒன்றுவிட்ட தங்கை போல இருந்தது. வியர்த்துக் கொட்டிய உடம்புக்கு அந்த உப்பு அமிர்தம்.

அதற்கு மேல் பைன் காடு. கேனரி பைன் தீயில் கருகினாலும் சாகாது; கரிந்த தண்டிலிருந்தே நேராகப் பச்சை முளைவிடும். கறுத்த மரங்கள் பச்சை ரோமம் போர்த்தியதுபோல் சாலையோரம் வரிசையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டே ஏறினால் கால்வலி பாதி மறந்துபோகும். இரண்டாயிரம் மீட்டர் தாண்டும்போது மரங்கள் குறைகின்றன, மூச்சும் குறைகிறது. காற்றழுத்தம் அங்கே கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குகூட இல்லை. பிறகு போகா தௌசே என்ற திறப்பு. 1798-ல் தெய்தேயின் தோள்பட்டையில் வெடித்து மூன்று மாதம் வழிந்த குழம்பு இந்தப் பக்கம் வந்துதான் உறைந்திருக்கிறது. உழுது போட்ட கரிசல் வயலில் ஒவ்வொரு கட்டியும் ஆள் உயரம் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி.

அந்த இடத்தில்தான் கடையின் மேல் எனக்கு இருக்கும் குறை வெளிப்பட்டது. பின்சக்கரம் பஞ்சர். சீட்டுக்கு அடியில் கடை கொடுத்த பையில் ட்யூப், நெம்புகோல், கைப்பம்பு எல்லாம் இருந்தன. டயரைக் கழற்றி, முள்ளைத் தேடி எடுத்து, புது ட்யூபைப் போட்டால் அதன் வால்வு ரிம்மை விட்டு வெளியே வரவில்லை. 48 அளவில் அவர்களிடம் மிச்சமிருந்தது ஆழமான ரிம் (பக்கச்சுவர் அகலமான சக்கர விளிம்பு) போட்ட விலை உயர்ந்த வண்டி ஒன்றுதான். அதைச் சாதாரண வாடகைக்கே தந்தார்கள், நானும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டேன். ஆனால் பையில் இருந்தது சாதாரண ரிம்முக்கான குட்டை வால்வு ட்யூப். எல்லாம் இருந்தும் காற்றடிக்க முடியாமல் லாவாப் பாறைமேல் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். வெயில் சுட்டது, காற்று குளிர்ந்தது. வழியில் வந்த ஜெர்மன் தம்பதி வண்டியை நிறுத்தி, தங்களிடம் இருந்த நீள வால்வு ட்யூபைக் கொடுத்தார்கள். காசு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்கள். என் சட்டைப்பையில் இருந்த குட்டிக் கேனரி வாழைப்பழத்தில் ஆளுக்கொன்று கொடுத்தேன், அதை வாங்கிக்கொண்டார்கள்.

ஆழ ரிம் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். உக்கன்கா சமவெளியில் மறிக்க மரம் கிடையாது. பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போதெல்லாம் முன்சக்கரத்தை யாரோ தோளால் இடிப்பதுபோல் இருந்தது. ஐம்பது கிலோ எடையுள்ள என்னைப் போன்றவர்களுக்கு இந்தத் தீவில் ஆழ ரிம் வேண்டாம். இலவசமாகத் தந்தாலும் சாதாரண ரிம்மையே கேளுங்கள்.

ரோக்கஸ் தே கார்சியா பாறைகள் வரை போய், தெய்தேயை நேருக்கு நேர் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இறக்கத்துக்கு முன் மேலங்கியும் முழுக் கையுறையும் கட்டாயம். கீழே 24 டிகிரி இருந்த அன்று மேலே 11. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு விரலை வளைத்தேன். வண்டி நான் நினைத்த இடத்தில் நினைத்த அளவுக்கு வேகம் குறைந்தது. பின்னால் வந்த கார்கள் பொறுமையாகக் காத்திருந்து விலகிப் போயின. சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது ஸ்பெயினில் சட்டம். போன வருடம் பதினோரு முறை நின்ற அதே இறக்கத்தில் இந்த முறை ஒரே ஒரு இடத்தில் நின்றேன். அதுவும் கடலுக்கு அப்பால் லா கொமேரா தெரிந்தது என்பதற்காக.

மாலையில் கடைக்குப் போய் ட்யூப் கதையைச் சொன்னேன். மெக்கானிக் மறுத்துப் பேசவில்லை. வரிசையில் நின்ற ஆழ ரிம் வண்டிகளின் பைகளை என் கண்முன்னே ஒவ்வொன்றாகத் திறந்தார். நான்கு பைகளில் அதே குட்டை வால்வு. நான்கையும் மாற்றினார். எனக்கு ஒரு நாள் வாடகையைத் திருப்பித் தந்தார்.

நான் கொடுத்தது ஆறு நாளுக்கு 210 யூரோ. ஹெல்மெட்டும் தண்ணீர்க் குப்பியும் அதிலேயே அடக்கம். பெடலை நான் ஊரிலிருந்து கொண்டுபோனேன், மாட்டித் தந்தார்கள். மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை கடை பூட்டியிருக்கும், ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை மாலை விமானம் என்றால் வண்டியைக் காலையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் பெட்டியோடு படிக்கட்டில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். கடையில் ஆங்கிலம் ஓரளவு செல்லும்.

மார்ச்சில் மறுபடி போகிறேன். 48 அளவு, சாதாரண ரிம், பின்னே 34 பல் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். என் விரல் அளவு அவர்கள் நோட்டில் குறித்து வைத்திருப்பதாகப் பதில் வந்திருக்கிறது.